யோகாயா, மாண்டிகோரா, பாபா யாகாவா, யாளியா: முதல் படவரிசைக்கு எதை எடுப்பது?

புராணங்களிலும் நாட்டுப்புறக் கதைகளிலும் வரும் விசித்திர உயிர்களை வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: முதல் நாள் டிராகன், இரண்டாம் நாள் மெடூசா, மூன்றாம் நாள் கப்பா, நான்காம் நாள் ஏதோ ஒரு ரஷ்யச் சூனியக்காரி. மாதம் முடியும்போது முப்பது நாட்டிலிருந்து முப்பது படம் சேர்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். வரிசையாக மாட்டினால் எல்லாமே ஒரே கணினி விளையாட்டுக்குப் போட்ட படங்களாகத் தெரியும். தேடலில் முதலில் வந்து விழுந்த படத்தைப் பார்த்து வரைந்தால் அப்படித்தான் ஆகும். அந்தப் படங்களைப் போட்டவர்களும் அதே வழியில்தான் வந்திருப்பார்கள்.

உலகம் சுற்றுவதை இரண்டாவது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வரிசைக்கு ஒரே ஒரு மரபை எடுத்து, அதிலேயே பத்துப் பன்னிரண்டு படம் போட வேண்டும் என்பது என் கட்சி. அப்போதுதான் அந்த ஊர்க் கை எப்படி யோசித்தது என்பது பிடிபடும். சரி, எந்த மரபு? வரையக் கற்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் நான்கைப் பற்றி: யோகாய் எனப்படும் ஜப்பானியப் பேய் பிசாசுகள், மாண்டிகோர் வரும் ஐரோப்பிய இடைக்கால விலங்கேடுகள், பாபா யாகா வரும் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள், நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளி.

இவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது கழுத்தை. ‘சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்டது’ என்று எழுதுகிறவருக்கு ஓர் ‘உம்’ போதும். வரைகிறவர் அப்படித் தப்பிக்க முடியாது. சிங்கம் எங்கே முடிகிறது, யானை எங்கே தொடங்குகிறது, அங்கே தோல் எப்படி மடிகிறது, பிடரிமயிர் எங்கே போகிறது, உடம்பின் எடையை எந்தக் கால் தாங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கோட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கலப்புயிர் ஒன்று உயிரோடு இருக்கிறதா, பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியது போல் இருக்கிறதா என்பது அந்த ஒட்டில் தெரிந்துவிடும். அடுத்த கேள்வி, பார்த்து வரைய என்ன கிடைக்கிறது என்பது: பழைய படமா, வெறும் சொல்லா, கல்லா? கடைசியாக, அதை நாம் வரைவதில் யாருக்காவது மனக்குறை உண்டா, காப்புரிமைச் சிக்கல் உண்டா?

யோகாய்: படமாகவே கிடைப்பது

எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ஓவியர் தொரியாமா செக்கியென் 1776இல் மரச்செதுக்கு அச்சில் ஒரு பேய்த் தொகுப்பு வெளியிட்டார். அதற்கு முன் ஜப்பானியப் பேய் பிசாசுகள் நீளமான சுருள் ஓவியங்களில் கூட்டமாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. கியோத்தோவில் சின்ஜு-ஆன் கோயிலுக்குச் சொந்தமான சுருள் அவற்றில் பேர்பெற்றது. செக்கியென் அந்தக் கூட்டத்தைக் கலைத்து, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பெயரையும் எழுதி வைத்தார். அதே பாணியில் 1784 வரை மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. இன்று நாம் யோகாய் என்றவுடன் நினைக்கும் உருவங்களில் பெரும்பகுதி அவர் பக்கங்களில் நிலைபெற்றவைதான்.

தொடங்குகிறவருக்கு இதில் முதல் லாபம் கோடு. பெரும்பாலும் கறுப்புக் கோடும் கொஞ்சம் சாம்பல் நிழலும்தான். வண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு பிரஷ் பேனாவும் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளும் இருந்தால் போதும். இரண்டாவது லாபம், ஒவ்வொரு யோகாயும் ஏதோ ஒரு செய்கையோடு வருகிறது. கப்பாவை எடுங்கள். ஆற்றில் வாழும், சிறுவன் அளவு உயரம், முதுகில் ஆமை ஓடு, வாயில் அலகு, விரல்களுக்கிடையே சவ்வு, உச்சந்தலையில் நீர் நிற்கும் குழி. அந்த நீர் கொட்டினால் அதன் பலம் போய்விடும். ஆளை ஆற்றுக்குள் இழுத்துப் போட்டுவிடும் பொல்லாத பிராணி, ஆனால் மரியாதை தெரிந்தது. நாம் குனிந்து வணக்கம் சொன்னால் பதிலுக்குக் குனியும், நீர் கொட்டும், நாம் தப்பிக்கலாம். வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர். குனியலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் கப்பாவை வரையுங்கள். கதையைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

ஒட்டு என்று பார்த்தால் யோகாய் சுமார்தான். நூறு வயதான பண்டபாத்திரங்களுக்கு உயிர் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பிறந்த சுகுமோகாமி வகையில் ஒட்டே கிடையாது. பழைய காகிதக் குடைக்கு ஒரு கண், ஒரு கால், தொங்கும் நாக்கு, அவ்வளவுதான். வீட்டுக் குடையை எதிரில் வைத்தே வரைந்துவிடலாம் என்பது வசதி. உடற்கூறு கற்க நினைப்பவருக்குத் தீனி குறைவு. விதிவிலக்கும் உண்டு: உதாகாவா குனியோஷி 1844 வாக்கில் மூன்று தாள்களுக்குக் குறுக்கே போட்ட ராட்சத எலும்புக்கூடு. மூங்கில் திரையைக் கிழித்துக்கொண்டு அரண்மனைக்குள் எட்டிப் பார்க்கும் அதன் விலா எலும்புகளையும் தோள்மூட்டையும் ஒரு வாரம் நகலெடுத்தாலே நிறையக் கற்கலாம்.

செக்கியென் 1784இல் வெளியிட்ட கடைசித் தொகுப்பில் பல உருவங்கள் அவரே இட்டுக்கட்டியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மரபு என்று நாம் கைகட்டி நின்று பார்ப்பதிலேயே ஓர் ஓவியரின் குறும்பு கலந்திருக்கிறது. உங்கள் வரிசையின் பன்னிரண்டாவது படம் உங்கள் சொந்த யோகாயாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அனுமதிச் சீட்டு வேண்டுமா? நம் வீட்டு அம்மிக்கல்லுக்கும் நூறு வயது ஆகியிருக்கும்.

தன்னை வரையச் சொல்லித் தானே கேட்ட யோகாயும் ஒன்று உண்டு. 1846ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒன்றின்படி, ஹிகோ மாகாணக் கடலில் இரவுதோறும் ஏதோ ஒளிர்வதைப் பார்க்கப் போன அதிகாரி முன்னால் அமாபியே தோன்றியது. நீண்ட கூந்தல், அலகு, செதில், மூன்று கால். ஆறு வருஷம் நல்ல விளைச்சல் இருக்கும், கூடவே நோயும் பரவும், என் படத்தை வரைந்து மக்களுக்குக் காட்டு என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டதாம். அந்தத் தாள் கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. படம் ஒன்றும் பிரமாதமில்லை. அவசரத்தில் கிறுக்கியதாகவே தெரியும். 2020இல் கொரோனா வந்தபோது ஜப்பானில் ஆளாளுக்கு அதை வரைந்து பகிர்ந்தார்கள், சுகாதார அமைச்சகமே தன் விழிப்புணர்வுப் படத்தில் போட்டது. நடுவில் ஒரு பெரிய விளம்பர நிறுவனம் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்து, மக்கள் கொதித்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் படம் எது என்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு நான் சொல்வது அமாபியேதான். மூலப்படமே சாதாரணமாக இருப்பதால் பயம் போய்விடும்.

காப்புரிமையில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. செக்கியென் காலமாகி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இணையத்தில் உலவும் யோகாய் படங்களில் நிறைய மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஓவியர் மிசுகி ஷிகெருவின் சாயலில் இருக்கும். போரில் இடக்கையை இழந்து, வலக்கையால் வரைந்தே வாழ்ந்த மனிதர். அவர் வளர்ந்த சகாயிமினாதோ ஊரில் ஒரு தெரு முழுக்க அவருடைய யோகாய்களுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அவர் 2015இல்தான் காலமானார், ஆகவே அவர் உருவங்களுக்குக் காப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது. அவரை ரசியுங்கள், பார்த்து வரைவது செக்கியெனாக இருக்கட்டும்.

விலங்கேடு: சொல்லாகக் கிடைப்பது

12, 13ஆம் நூற்றாண்டுகளில், முக்கியமாக இங்கிலாந்தில், பெஸ்டியரி எனப்படும் விலங்கேடுகள் நிறைய எழுதப்பட்டன. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு படம், ஒரு விவரணை, கூடவே கிறித்தவ நீதி ஒன்று. 1200 வாக்கில் உருவான அபர்டீன் விலங்கேட்டை அபர்டீன் பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இந்த ஏடுகளில் நாயும் ஆடும் இருக்கும் அதே தோரணையில் கற்பனை உயிர்களான ஃபீனிக்ஸும் கிரிஃபினும் இருக்கும். எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வரைந்தவர்களில் பலர் யானையையோ முதலையையோ கண்ணால் கண்டதில்லை. சொல்லைக் கேட்டும் முந்தைய ஏட்டைப் பார்த்தும் போட்டார்கள்.

நமக்கு வேடிக்கையாக இருக்கும் ஒன்று மாண்டிகோர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் கிடீசியாஸ், இந்தியாவுக்கு வராமலே இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வருகிறது இது: மனித முகம், சிங்க உடல், மூன்று வரிசைப் பல், தேளின் வால், பிடித்த உணவு மனிதன். பின்னாளில் வந்த கிரேக்க எழுத்தாளர் பாசனியாஸ் இதைப் படித்துவிட்டு, இது புலியாகத்தான் இருக்க வேண்டும், பயத்தில் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று எழுதினார். நம் காட்டுப் புலி வதந்தியாக மேற்கே போய், ஆயிரத்து அறுநூறு வருஷம் கழித்து ஆங்கிலத் துறவி மடங்களில் மனித முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது! அதே கிடீசியாஸ், ஒற்றைக் கால் மனிதர்கள் இந்தியாவில் இருப்பதாகவும், வெயில் நேரத்தில் படுத்துக்கொண்டு அந்தப் பாதத்தையே குடையாகப் பிடிப்பதாகவும் சொன்னார். தூரத்து மனிதர்களை அரக்கர்களாக வரைந்த பழக்கம் இது. அந்தப் பக்கங்களை வரையும்போது அது மனதில் இருக்க வேண்டும். நாமே அந்த ஒற்றைக் காலர்கள் என்பதால் கிண்டலாகத் திருப்பி வரையவும் இடமிருக்கிறது.

இந்த மரபின் பெரிய பயன் பயிற்சி. படத்தை மூடி வைத்துவிட்டு விவரணையை மட்டும் படித்து வரையுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து பாருங்கள். இடைக்கால ஓவியர் மனிதத் தலையைச் சிங்கத் தோளில் அப்படியே உட்காரவைத்திருப்பார்; ஒட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியாது. அந்தக் கவலையை நீங்கள் பட வேண்டும். புலி நடக்கும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தோள்பட்டை எலும்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று படித்து, அதன்மேல் மனிதக் கழுத்தைக் கொண்டுவர வேண்டும். கஷ்டம்தான், ஆனால் சொந்தமாக யோசிக்கக் கற்றுத் தருவதில் நான்கில் இதற்குத்தான் முதலிடம். தலையில்லாமல் மார்பிலேயே முகம் கொண்ட பிளெம்மியே மனிதர்களை வரைந்தால், பக்கத்திலேயே வயிற்றில் வாய் வைத்த நம் கவந்தனையும் வரைந்து பாருங்கள். கம்பர் ஒரு படலமே கொடுத்திருக்கிறார். உரையோடு படித்தால் விவரணைக்குப் பஞ்சமில்லை.

போனகான் என்று ஒரு மாடு உண்டு. கொம்பு உள்பக்கமாகச் சுருண்டு சண்டைக்கு உதவாது என்பதால், துரத்துகிறவர்கள்மேல் எரிக்கும் சாணத்தைப் பீய்ச்சி அடிக்கும். வேட்டைக்காரர்கள் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து முகம் சுளிக்கும் காட்சியை அந்தக் காலத்து ஓவியர்கள் ரசித்து ரசித்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரைய நினைப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம்.

பாபா யாகா: ஒரே ஓவியரின் நிழல்

ரஷ்யக் கதைகளில் வரும் பாபா யாகா கோழிக்கால்மேல் நிற்கும் குடிசையில் வாழ்கிறாள். வேலி மனித எலும்பு, வேலியின் உச்சியில் மண்டையோடு. உரலில் உட்கார்ந்து பறக்கிறாள், உலக்கையால் தள்ளுகிறாள், துடைப்பத்தால் தடயத்தைப் பெருக்கிக்கொண்டே போகிறாள். அஃபனாசியெவ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுத்த கதைகளில் இவை எல்லாம் உண்டு. உரலும் உலக்கையும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது தமிழ்க் கைக்கு ஒரு சின்னச் சலுகை. இருந்தாலும் அவளுடைய உரல் ஆள் உட்காரும் அளவு பெரியது. நம் வீட்டுக் கல்லுரலை அப்படியே வரைந்துவிடக் கூடாது.

இவான் பிலிபின் 1900 வாக்கில் இந்தக் கதைகளுக்குப் போட்ட படங்கள்தான் இன்றுவரை எல்லோர் கண்ணிலும் நிற்கின்றன. சீரான கெட்டிக் கோடு, உள்ளே தட்டையான நீர்வண்ணம், சுற்றிலும் வேலைப்பாட்டுச் சட்டம். அவருக்கு ‘இரும்புக் கை இவான்’ என்றே பட்டப்பெயர் இருந்தது. 1902 முதல் 1904 வரை ரஷ்யாவின் வடபகுதிகளில் சுற்றி, மர வீடுகளையும் உடைகளையும் புகைப்படம் எடுத்துச் சேகரித்தவர். ஜப்பானிய அச்சோவியங்களின் தாக்கமும் அவரிடம் தெரியும். லெனின்கிராட் முற்றுகையின்போது 1942இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி காப்புரிமை ஓவியர் இறந்து 60 வருஷம் வரைதான் என்பதால் இங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். பிலிபினைப் பார்த்த பிறகு வேறு மாதிரி பாபா யாகாவை யோசிப்பது மிகக் கடினம். பத்துப் படமும் பிலிபின் நகலாகவே வரும். ஒட்டுக்கும் இங்கே பெரிய வேலையில்லை, குடிசைக்கும் கோழிக்காலுக்கும் நடுவில் உள்ள அந்த ஓர் இடத்தைத் தவிர. உத்திரத்திலிருந்து தொடை எப்படி இறங்குகிறது என்று யோசிப்பது சுவையான கணக்குதான். சட்டகம், காட்டுப் பின்னணி, பக்க அமைப்பு ஆகியவற்றைக் கற்க நினைப்பவருக்கு இது சரி. உயிர்களை வரையக் கற்பதற்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

யாளி: கல்லாக நிற்பது

ஒட்டு என்ற கேள்விக்கு மிகச் சிறந்த பதில் நம் ஸ்தபதிகளிடம் இருக்கிறது. இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. யோகாய் ஓவியரும் விலங்கேட்டு ஓவியரும் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் போதும் என்று வரைந்தார்கள். தூணில் யாளியைச் செதுக்கியவருக்கு அந்த வசதி கிடையாது. முன்னால், இடப்பக்கம், வலப்பக்கம், கீழேயிருந்து அண்ணாந்து என்று எந்தக் கோணத்திலும் அது நிற்க வேண்டும். துதிக்கை சிங்க முகத்தில் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மழுப்ப முடியாது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். கண்ணை வெளியே துருத்தி, புருவத்தைக் கனமாக்கி, கன்னத்தை உப்ப வைத்தார்கள். அந்தச் சதைத் திரட்சியிலிருந்து துதிக்கை இறங்கும்போது அது முகத்திலேயே முளைத்ததாகத் தெரிகிறது. தலைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள சங்கடமான இடத்தைச் சுருள் சுருளான பிடரியால் நிரப்பினார்கள். பின்னங்காலை ஊன்றி, முன்னங்காலை உயர்த்தி, முதுகைத் தூணோடு சேர்த்துவிட்டதால் எடை எங்கே இறங்குகிறது என்ற கேள்வியும் தீர்ந்தது. அகநானூற்றிலேயே இது ஆளி என்ற பெயரில் வருகிறது; யானையைத் தாக்கி, தந்தத்தைப் பிடுங்கிக் குருத்தைத் தின்கிறது. தூண்களிலும் பல இடங்களில் யாளிக்குக் கீழே ஒரு யானை சிறியதாக நிற்கும். அந்த அளவு வித்தியாசம் ஒன்றே யாளியை மலையாக்கிக் காட்டுகிறது. டிஜிட்டலில் டிராகன் போடுகிறவர்கள் மணிக்கணக்கில் விளக்கொளி வைத்துச் செய்வதை ஸ்தபதி ஒரு குட்டி யானையால் செய்துவிட்டார்.

எங்கே போய்ப் பார்ப்பது? மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் யாளித் தூண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் விஜயநகர வேலைப்பாட்டின் உச்சம். குதிரை வீரர்களும் யாளிகளும் அருகருகே இருப்பதால் உண்மை விலங்கையும் கற்பனை விலங்கையும் ஒரே ஸ்தபதிக் கூட்டம் எப்படிச் செதுக்கியது என்று ஒப்பிட முடியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் கல் பந்து உருளும், வெளியே வராது. திறந்த வாயின் ஆழத்தை வரையப் பழக அதுதான் இடம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகையில் குகை வாயைச் சுற்றி யாளித் தலைகள். இது பல்லவர் காலம் என்பதால் முகம் எளிமை, தொடங்க ஏற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் யாளி வரியில் சிறிய அளவில், திரும்பத் திரும்ப, ஒரே உருவத்தின் பல முகங்கள். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாய்வது குதிரைகள்தான், ஆனால் பின்னங்காலில் எழும் விலங்கின் எடையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது.

குறைகளும் உண்டு. மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாது. எண்ணெய்ப் பிசுக்கும் சில இடங்களில் பூசிய வண்ணமும் விவரத்தை மறைக்கும். கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் வரையலாம் என்றால், கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவே வந்தது. மீனாட்சி கோயிலில் அதற்கு முன்பே தடை. இதை நான் குறையாக நினைப்பதில்லை. சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் பொதுவாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஆளும் கிடைக்கும்.

யாளியின் பெரிய குறை, யானையோடு மோதுவதைத் தவிர அதற்குக் கதை இல்லை. கப்பாவுக்கு வெள்ளரிக்காய் இருக்கிறது, பாபா யாகாவுக்கு உரல் இருக்கிறது. யாளி நிற்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு படமும் ஒரே நிலையில் நின்றால் பார்ப்பவருக்கு அலுத்துவிடும். ஆகவே தூணிலிருந்து அதை இறக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அது தண்ணீர் குடிக்கும்போது துதிக்கையால் உறிஞ்சுமா, நாக்கால் நக்குமா? குட்டி எப்படி இருக்கும்? ஒட்டைச் சரியாகக் கற்றிருந்தால் இந்தக் கேள்விகளுக்கு உங்கள் கையே பதில் சொல்லும்.

பட்டியலுக்கு வெளியே

இலங்கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது: அம்பலாங்கொடையின் முகமூடிகள். சிங்கள மக்களின் சன்னி யக்கும என்ற குணப்படுத்தும் சடங்கில் பதினெட்டு சன்னிகள், ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு. முடத்துக்கான முகம் ஒரு பக்கம் கோணிப் போயிருக்கும், ஊமைக்கு ஒரு முகம், குருட்டுக்கு ஒரு முகம். எண்ணிக்கையும் தயார், உணர்ச்சியும் தயார். உடம்பு மட்டும் கிடையாது; முகத்தோடு நின்றுவிடும். மெக்சிகோவின் அலெப்ரிஹே உருவங்களையும் சிலர் கேட்கிறார்கள். பெத்ரோ லினாரெஸ் என்ற காகிதக்கூழ்க் கலைஞர் 1930களில் கடும் காய்ச்சலில் கண்ட கனவிலிருந்து செய்தவை என்பது அவர் சொன்ன கதை. கலவைக்கு விதியே இல்லை என்பதால் ஜாலியாக இருக்கும், ஆனால் விதி இல்லாத இடத்தில் முதல் வரிசையில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் வொரோரா, ங்காரின்யின், வுனம்பல் மக்களின் பாறைகளில் வாஞ்சினா உருவங்கள் இருக்கின்றன: பெரிய கண், தலையைச் சுற்றி ஒளிவட்டம், வாய் இல்லை. பார்த்தவுடன் கை துறுதுறுக்கும். ஆனால் அவை அந்த மக்களுக்கு மழையும் சட்டமும் தரும் மூதாதையர். யார் வரையலாம், யார் புதுப்பிக்கலாம் என்பதற்கு அவர்களிடம் முறை இருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் பிரம்மாண்டமான வாஞ்சினா எழுந்தபோது அதை வடிவமைத்தவர் வொரோரா ஓவியர் டானி வூலகூஜா. 2010இல் ஆஸ்திரேலியாவின் கட்டூம்பா ஊரில் வெளியாட்கள் வாஞ்சினா சிற்பம் வைத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் விளங்கினால் போதும். இத்தனை மரபுகள் வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது மூடிய கதவைத் தட்டுவானேன்?

வெண்டிகோ வேறு ரகம். வட அமெரிக்காவின் கிரீ, அனிஷினாபே மக்களின் கதைகளில் அது பனிக்காலப் பட்டினியின் உருவம்: எலும்பும் தோலுமாய், எவ்வளவு மனித மாமிசம் தின்றாலும் பசி அடங்காதது. இணையத்தில் தேடினால் மான் கொம்போடு வந்து நிற்கும். அந்தக் கொம்பு அண்மைக்காலத் திரைப்படங்களும் விளையாட்டுகளும் மாட்டிவிட்டது. தேடலில் முதலில் வந்த படத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

அப்புறம், யாருக்கு எது?

கோடு நடுங்குகிறது, இதுவரை ஒரு நோட்டுக்கூட முடித்ததில்லை என்பவர் செக்கியெனிடம் போங்கள். அமாபியேயில் தொடங்கி, குடை, கப்பா என்று ஏறலாம். ஏற்கெனவே விலங்குகளை ஓரளவு வரைவேன், நகலெடுத்து அலுத்துவிட்டது என்பவருக்கு விலங்கேடு. கதைப்புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் பிலிபின், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அவரிடம் தங்காதீர்கள். வேலூரோ மதுரையோ தஞ்சையோ பேருந்தில் போய் வரும் தூரத்தில் இருக்கிறவர்கள் வேறு யோசனையே இல்லாமல் யாளியை எடுக்கலாம். அங்கே கற்கும் கழுத்து மற்ற மூன்றுக்கும் பயன்படும், மற்ற மூன்றிலும் கற்பது இதற்கு அந்த அளவு உதவாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புகைப்படம்தான் வழி. அப்படியானால் ஒரே தூணைக் குறைந்தது மூன்று கோணத்தில் எடுத்த படங்களாகத் தேடிச் சேர்த்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு கோணப் படத்தை மட்டும் வைத்து வரைவதென்றால் யாளிக்குப் பதில் யோகாயே எடுத்திருக்கலாம்.

யாளிக்குப் போகிறவர்கள் காலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள். சாய்வெயில் மண்டபத்துக்குள் வரும் கொஞ்ச நேரத்தில்தான் கன்னத்துச் சதையும் பிடரிச் சுருளும் பிரிந்து தெரியும். முதல் முறை முழு உருவத்துக்கு ஆசைப்பட வேண்டாம். துதிக்கை புறப்படும் இடத்தை மட்டும், கையளவுத் தாளில், முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து ஒன்று. 2பி பென்சில் போதும். மை, வண்ணம் எல்லாம் வீட்டில்.